பல்லியின் ஒருசந்தி

என் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது புழுதான். தயிருக்குப் பக்கத்தில், மூடியில் துளை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில், கோதுமைத் தவிட்டுக்குள் நூற்றுக்கணக்கில் தூங்கும். குளிரில் வைத்தால்தான் சீக்கிரம் வண்டாக மாறாதாம். இரண்டு நாளைக்கு ஒரு முறை ஏழெட்டை வெளியே எடுத்து, கேரட் துண்டு கொடுத்து உபசரிக்க வேண்டும். சூடு ஏறி நெளியத் தொடங்கியதும் கால்சியம் பவுடரில் புரட்டி, இடுக்கியால் பிடித்து, பல்லியின் மூக்குக்கு முன்னால் ஆட்ட வேண்டும். ஆடாத எதையும் அது சாப்பாடாகவே மதிப்பதில்லை.

பல்லி என் மகனுடையது. மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளிகள், கண்ணாடித் தொட்டி, அடியில் சூடு கொடுக்க மின்சார விரிப்பு. அவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. தங்கும் விடுதியில் பல்லிக்கு அனுமதி இல்லை. அம்மாவுக்கும் அனுமதி இல்லை. ஆகவே நாங்கள் இருவரும் சாந்தோமிலேயே தங்கிவிட்டோம்.

பட்டினப்பாக்கத்திலிருந்து வருகிற மீன்காரம்மா ஒரு நாள் வாசலில் நின்று இந்த உபசாரத்தைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா டீச்சரம்மா, செவுத்துல இவ்ளோ பல்லி ஓடிக்கினு கீது. அதுங்கல்லாம் தானா துன்னுக்கல? இதுக்கு மட்டும் ஊட்டி வுடுறியா?"

"எல்லாம் வளர்ப்பு" என்றேன்.

"அப்ப உன் புள்ள மாரிதான்" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். கோபம் வந்தது.

என் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடுவான். பூசைக்குப் போனியா, பிரஷர் மாத்திரை போட்டியா, சரி வைக்கிறேன். மூன்று நிமிடத்துக்கு மேல் போனதில்லை. அவன் அப்பா இறந்த பிறகு வீட்டில் பேச்சுக்குரல் என்று ஒன்று கேட்பது அந்த மூன்று நிமிடம்தான்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வந்து புழுவை ஆட்டினேன். பல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டது. வெள்ளிக்கிழமையும் அப்படியே. எனக்குத் தெரிந்து தவக்காலத்தை அவ்வளவு கண்டிப்பாக அனுசரித்த ஜீவன் எங்கள் பங்குக் கோயிலிலேயே கிடையாது. நாங்களெல்லாம் வெள்ளிக்கிழமை ஒருசந்தி என்று ஒரு வேளைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டு, அந்த ஒரு வேளையில் மூன்று வேளைக்குச் சாப்பிடுகிறவர்கள்.

விஷயத்தைச் சொன்னதும் மகன் தினமும் கூப்பிட ஆரம்பித்தான். சாப்ட்டுச்சா? தண்ணி குடிச்சுதா? வால் மெலிஞ்சிருக்கா? கொழுப்பையெல்லாம் வாலில்தான் சேர்த்துவைக்குமாம். இந்த விசாரணை முடிந்ததும் பேச்சு மெல்ல வேறு பக்கம் போகும். மேனேஜரின் குணம், கூட இருப்பவனின் குறட்டை, சாம்பாரில் வெல்லம். கல்லூரிக்குப் போன நாளிலிருந்து அவன் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. நானும் மாலை ஐந்து மணிக்கே போனைச் சார்ஜில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

மூன்றாவது வாரம் பல்லி விரதத்தை முடித்துக்கொண்டது. ஒரே மூச்சில் ஏழு புழு. சந்தோஷத்தில் போனை எடுத்தேன். எண்ணை அழுத்தப் போன விரல் அப்படியே நின்றுவிட்டது. அதற்குள் அவனே கூப்பிட்டான்.

"சாப்ட்டுச்சாம்மா?"

"இல்லப்பா."

முப்பது வருஷம் வகுப்பில் பிள்ளைகளின் பொய்யைக் கண்டுபிடித்தவளுக்குப் பொய் சொல்லவும் வரும். வீடியோ அனுப்பச் சொன்னான். பல்லிக்கு வயிறு முட்ட ஊட்டிவிட்டு, பிறகு எட்டாவது புழுவை ஆட்டிப் படம் பிடித்தேன். நிறைந்த வயிறு தலையைத் திருப்பாமல் என்ன செய்யும்? வால் மட்டும் படத்தில் வராமல் பார்த்துக்கொண்டேன்.

பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொன்னேன். "பல்லி சாப்பிட்டும், சாப்பிடவில்லை என்று பொய் சொன்னேன்." திரைக்கு அந்தப் பக்கம் ஃபாதர் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"எத்தனை தடவை?"

"பதினொன்று, ஃபாதர்."

'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார், மகனிடம் உண்மையையும் சொல்லச் சொன்னார். ஜெபத்தை அங்கேயே முடித்துவிட்டேன். இன்னொன்றை ஈஸ்டருக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தேன்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்பு, குருத்து ஞாயிறன்று பூசை முடிந்து ஓலையோடு வீட்டுக்கு வந்தால், மகன் தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறான். முதுகில் பை இன்னும் இருந்தது. அடையாறில் ஒரு கால்நடை டாக்டரிடம் நேரம் வாங்கிக்கொண்டு, சொல்லாமல் ரயில் ஏறி வந்து, தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்திருக்கிறான். பல்லி முருங்கைக்காய் கனத்துக்கு இருந்த வாலை நீட்டிப் படுத்திருந்தது.

அவன் எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்தான். புழு டப்பா, தயிர், பாதி பாக்கெட் பிரட், கேரட். வெகுநேரம் அதையே பார்த்தான்.

"புழுவுக்குக் கேரட் இருக்கு. உனக்கு என்னம்மா இருக்கு?"

"ஒருசந்திப்பா."

"ஞாயித்துக்கெழமைல ஏதும்மா ஒருசந்தி?"

ஞானோபதேச வகுப்பில் அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். வெட்கமாக இருந்தது. அவன் என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். வளையல் முழங்கைவரை வழுக்கிக்கொண்டு போனது. டாக்டருக்குப் போன் செய்து, பல்லிக்கு ஒன்றுமில்லை என்று சொன்னான்.

பெங்களூருக்குத் திரும்பிய மறுநாள் மாலை கூப்பிட்டான். பல்லியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"சாப்ட்டியா?"

"ம்."

"வீடியோல வா. தட்டு தெரியணும்."

போனைத் தொட்டியின் மேல் சாய்த்துவைத்துவிட்டு, இட்லித் தட்டோடு எதிரில் உட்கார்ந்தேன். போனிலிருந்து அவனும் கண்ணாடிக்குள்ளிருந்து பல்லியும் என் வாயையே பார்த்தார்கள். இரண்டாவது இட்லியில், வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொள்ளலாமா என்று நினைத்தேன். திருப்பினால் நாளைக்கும் கூப்பிடுவான். ஆனால் சட்னி நன்றாக அமைந்திருந்தது, பசியும் இருந்தது. நாலையும் சாப்பிட்டேன்.

மறுநாளும் கூப்பிட்டான்.