காய்ச்சாமல் சொன்ன நீலம்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். பேனாவை எடுத்தேன், மூடினேன், டீ குடிக்கப் போனேன், திரும்பி வந்தேன். எட்டாம் வகுப்பில் கவிழ்ந்தவனுக்கு எதற்கு இந்த வேலை என்று தோன்றியது. ஆனால் எழுதாமல் இருந்தாலும் உள்ளே அது கொதித்துக்கொண்டேதான் இருக்கிறது... ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன்.

என் தோஸ்து காசிமின் கால் போனதற்குக் காரணம் நான்தான்!

வண்டி ஏற்றினேனா? இல்லை. கத்தியால் வெட்டினேனா? இல்லை. ஒரு நிறத்தின் பெயரைச் சொன்னேன். "நீலம்" என்றேன். அவ்வளவுதான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். எனக்கும் முதலில் இது சிரிப்பாகத்தான் இருந்தது.

டோல்கேட்டுக்குப் பக்கத்தில், ஒரு தகரக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் டாக்டர் தேவசகாயத்தின் கிளினிக். காய்ச்சல், இருமல், வயிற்றுக் கோளாறு, நெஞ்சுப் படபடப்பு... கத்தி வைக்காமல் குணமாகிற எல்லாவற்றுக்கும் அவரிடம் வருவார்கள். நான் அவருடைய கம்பவுண்டர். பரீட்சை எழுதித் தேறியவன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பக்கத்தில் நின்று, பார்த்துப் பார்த்துக் கை பழகியவன். மருந்தைக் கலக்கி, அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவரும் சீசாவில் ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டிக் கொடுப்பேன். ஒட்டுகிற நேரத்தில் வாய் சும்மா இருக்காது.

"இன்னா ஆயா, செவப்பு மருந்தா, வெள்ள மருந்தா? செவப்புல ஜோரு ஜாஸ்தி!"

"தோ பாரு, உன் வாய்க்கு ஒரு மருந்து கலக்கிக் குடிடா மொதல்ல!"

இப்படித்தான் என் பொழுது போகும். டாக்டர் உள்ளேயிருந்து "வேலு!" என்று ஒரு அதட்டல் போடுவார். அதிலும் பாதி சிரிப்பு இருக்கும். அவர் என்னை நம்பினார்... இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை வியாதியை நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்போம் தெரியுமா? கிளினிக்கில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான்! கண்ணாடிக் குழாயில் நீலத் திராவகம் கொஞ்சம். அதில் நோயாளியின் மூத்திரம் சில சொட்டு. ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்க வைக்க வேண்டும். வியாதி இல்லையென்றால் நீலம் நீலமாகவே நிற்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை. கூடினால் மஞ்சள். முற்றிப் போயிருந்தால்... ஐயோ, அந்த நிறம்! செங்கல்லைக் கரைத்து ஊற்றியது மாதிரி குழம்பிக்கொண்டு வரும்! ஒவ்வொரு தடவையும் வித்தை பார்க்கிற மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன்.

இப்போது காசிம். கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் மூட்டை தூக்குகிறவன். ஆள் கதவு மாதிரி இருப்பான். இனிப்பு என்றால் உயிர். ஒரு தட்டு ஜாங்கிரியைத் தின்றுவிட்டு, விரலை நக்கிக்கொண்டே "இன்னொரு தட்டு கீதா மாமு?" என்று கேட்கிற ஜாதி.

அவன் பிடரியில் ஒரு கட்டி வந்தது. ஆறவில்லை. பக்கத்திலேயே இன்னொன்று. டாக்டரிடம் கூட்டிவந்தேன். கட்டி மேல் கட்டி வந்தால் மூத்திரம் பார்க்க வேண்டும் என்பது அவர் சட்டம். காசிம் கூச்சப்பட்டுக்கொண்டே சீசாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான்.

அப்போதுதான் எனக்குள் அந்தக் குறும்பு குதித்தது!

அவன் தங்கைக்கு அடுத்த வாரம் நிக்காஹ். தம்ரூட் அல்வா அத்தனை தட்டு, பிர்னிப் பாயசம் இத்தனை சட்டி என்று ஒரு மாதமாக என் காதைத் தின்றுகொண்டிருந்தான். இவனை நாலு நாள் அழ வைத்தால் என்ன? டீயில் போடும் வெள்ளைச் சர்க்கரை, எங்கள் பக்கத்தில் அஸ்கா என்போம், அது அலமாரியில் இருந்தது. ஒரு கரண்டி அள்ளி அவன் சீசாவில் போட்டுக் குலுக்கினேன். குழாயில் ஊற்றினேன். விளக்கில் காட்டினேன்.

செங்கல்! சுத்தமான செங்கல் நிறம்! சந்தோஷத்தில் ஓடிப்போய் டாக்டரிடம் நீட்டினேன்.

டாக்டர் பார்த்தார். முகம் மாறிவிட்டது. காசிமை உட்கார வைத்து மெதுவாகச் சொன்னார்:

"காசிம், உனக்குச் சர்க்கரை வியாதி இருக்கு. இனிப்பைக் கையால தொடக்கூடாது. சோத்தையும் பாதியாக் குறை. பத்து நாள் பார்க்கலாம். அடங்கலைன்னா தினம் ஊசி போடணும்."

"தங்கச்சி நிக்காஹு கீது டாக்டரய்யா... ஒரே ஒரு வாய்?"

"ஒரு வாயும் கிடையாது."

அந்த மலை மாதிரி ஆள் வெளியே வந்து, சைக்கிள் கடை வாசலில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு ஜாங்கிரி வாங்கிவந்து அவன் எதிரில் நின்று தின்றேன்! எவ்வளவு ரசித்தேன் அதை... நினைத்தால் இப்போது நாக்கு கசக்கிறது.

நிக்காஹுக்கு முந்தைய நாள் உண்மையைச் சொன்னேன். "உனக்கு வியாதியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல மாமு! உன் சீசாவுல அஸ்காவப் போட்டது நான்தான்!"

அவன் என் சட்டையைப் பிடித்துத் தூக்கினான். "கசுமாலம்! நாலு நாளா சோறு எறங்கல எனுக்கு!" என்று முதுகில் ஒரு அறை விட்டான். உடனே என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பு! மறுநாள் பந்தியில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தின்றான், தின்றான், தின்றுகொண்டே இருந்தான்.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு விளையாட்டு. நீங்களும் நானும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம்.

பத்து நாள் கழித்து டாக்டர் கேட்டார்: "வேலு, காசிமுக்குப் பார்த்தியா?"

எங்கள் விளையாட்டு டாக்டருக்குத் தெரியக்கூடாது என்று காசிமும் சீசாவைக் கொண்டுவந்து தந்திருந்தான். அது என் கையில் இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் எதற்குக் காய்ச்ச வேண்டும்? அவனுக்குத்தான் ஒன்றும் இல்லையே, எனக்குத் தெரியாதா? சீசாவை அப்படியே சாக்கடையில் கவிழ்த்தேன்.

"நீலம் டாக்டர்!"

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எப்படி எழுதுவேன்! "பார்த்தியா, வாயைக் கட்டினான், அடங்கிடுச்சு. ஊசி வேணாம்" என்றார். அடுத்த மாதம் மறுபடி கேட்டார். மறுபடி கவிழ்த்தேன். மறுபடி நீலம்.

மழைக்காலத்தில் காசிம் யார்டில் ஒரு பெட்டிப் பலகையின் ஆணியை மிதித்தான். "ஆணிதானே மாமு" என்று நானே டிங்க்சர் தடவிக் கட்டு போட்டேன். டாக்டர் வரைக்கும் எதற்கு என்று நினைத்தேன். ஆறவில்லை. மறுபடி கட்டினேன். விரல் வீங்கியது. "தண்ணிதான் ராவும் பகலும் கேக்குது, மத்தபடி ஷோக்கா கீறேன்" என்றான் அவன். அதைக் கேட்டும் நான் சிரித்தேன்! "உன் வூட்டாண்டயே ஒரு தண்ணிக் கொழா போட்டுத் தரச் சொல்றேன் மாமு" என்றேன்!

ஒரு நாள் காலை. ஒரு அம்மாள் பரிசோதனைக்குச் சீசா கொண்டுவந்தார். சீசாவின் அடியில் வெள்ளையாக என்னவோ ஒட்டியிருந்தது. அஸ்கா. நான் பெரிய மேதாவி மாதிரி டாக்டரிடம் போனேன். "இது செல்லாது டாக்டர். அஸ்கா போட்டு வெச்ச சீசா. காய்ச்சினா செங்கல்லு வந்துடும்."

அவர் சிரித்தார். "போடா பைத்தியக்காரா! அஸ்காவை நீ எவ்வளவு கொட்டிக் காய்ச்சினாலும் நீலம் நீலமாத்தான் நிக்கும். உடம்புலேர்ந்து வர்ற சர்க்கரை வேற. அதுக்குத்தான் நிறம் மாறும்."

...

எனக்குக் காது அடைத்துவிட்டது.

உள்ளே ஓடினேன். குழாயில் திராவகம். வெறும் தண்ணீர். ஒரு கரண்டி அஸ்கா. விளக்கு. கொதித்தது. நீலம். இன்னொரு கரண்டி போட்டேன். மாறுடா, மாறு, மாறித் தொலையேன்! கையைச் சுட்டுக்கொண்டு, வாய்விட்டுக் கெஞ்சினேன்... நீலம்! அந்தப் பாழாய்ப்போன நீலம்!

அப்படியானால் அன்றைக்கு வந்த செங்கல்?

அது என் அஸ்கா இல்லை. அது காசிம்!

ஓடினேன். கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி... பெட்டி பெட்டியாக, முடிவே இல்லாமல் ஊர்ந்தது. கேட்டைப் பிடித்து உலுக்கினேன். "இன்னாடா, பேய் கீய் புடிச்சிகினியா?" என்று கேட்காரன் கத்தினான். கடைசிப் பெட்டி போனதும் குனிந்து புகுந்து ஓடினேன். காசிம் கட்டிலில் கிடந்தான். கட்டைப் பிரித்தேன். விரல் கறுத்திருந்தது. கறுப்பு பாதம் வரைக்கும் ஏறியிருந்தது. அந்த வாடையை எழுதமாட்டேன்.

கை ரிக்‌ஷாவில் போட்டுக் கொண்டுவந்தேன். இந்த முறை டாக்டரே விளக்கைப் பிடித்தார். நான் பக்கத்தில் நின்றேன். நீலம், பச்சை, மஞ்சள்... நிற்காமல் செங்கல்.

"நீலமா இருந்ததேடா..." என்றார், குழாயைப் பார்த்துக்கொண்டே. "ரெண்டு தடவை நீலமா இருந்ததே?"

இங்கேதான், இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்! எப்போதும் மூடாத என் வாய் அன்றைக்கு மூடிக்கொண்டது. குழாயை வாங்கிக் கழுவினேன். சுத்தமாக இருந்த பிறகும் கழுவிக்கொண்டே இருந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். காசிம் கண் விழித்தபோது டாக்டர் கட்டிலருகில் நின்றார். "ஊசி போட்டிருக்கணும். நான்தான் போடாம விட்டேன். என் தப்பு காசிம்" என்றார். நானும் அங்கேதான் நின்றேன். கேட்டுக்கொண்டு நின்றேன்!

காசிமோ, என் விளையாட்டுக்கு அப்புறம்தான் தனக்கு வியாதி புதிதாக வந்தது என்று நம்பினான். "முன்னாடி நீ பண்ணது வெளையாட்டு, இப்ப நெசமாவே வந்துட்ச்சு பாத்தியா மாமு... கண்ணு பட்ட மாரி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். அதையும் மறுக்கவில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. காசிம் இப்போது டோல்கேட்டில் பீடியும் பெப்பர்மிண்டும் விற்கிறான், ஒன்றைக்கூட வாயில் போடாமல். தினமும் ஊசிக்குக் கட்டையை ஊன்றிக்கொண்டு வருவான். டாக்டர் அவனோடு பேசுவார், ஆனால் சுவரைப் பார்த்துப் பேசுவார். சர்க்கரைப் பரிசோதனையை இப்போது என்னிடம் விடுவதில்லை. கண் மங்கிப்போய், குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். என் மேல் சந்தேகமா? இல்லை! தன் மேல். "அன்னிக்கு நானே என் கண்ணால பார்க்காம விட்டேனே வேலு" என்கிறார்.

நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். இன்னும் கேலி பேசுகிறேன். ஆயாக்கள் இன்னும் சிரிக்கிறார்கள். நீங்கள் வந்தாலும் சிரிக்க வைப்பேன்... நம்பாதீர்கள்.

இதுவரை எழுதியதை நேற்று காசிமின் கடைக்கு எடுத்துப் போனேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது. பெட்டி மேல் உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் வாசித்தேன். ஜாங்கிரி, சாக்கடை, டிங்க்சர், எல்லாம். நடுவில் நிறுத்தவில்லை. அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அவன் பெப்பர்மிண்ட் பாட்டிலின் மூடியைத் திறந்தான், மூடினான், திறந்தான், மூடினான். பிறகு என்னைப் பார்த்தான்.

"டாக்டராண்ட படிச்சிக் காட்டினியா?"