நலம் எழுதாத கடிதம்

பரீட்சையில் கடிதம் எழுதும்போது சொந்தப் பெயரை எழுதக் கூடாது. அனுப்புகிறவர் அ.ஆ.இ., பெறுகிறவர் க.ச.த., அவ்வளவுதான். பிறகு ‘அன்புள்ள தோழிக்கு’. அதற்கு அடுத்த வரியில் ‘நலம், நலம் அறிய ஆவல்’. அந்த வரியை விட்டால் ஒரு மதிப்பெண் போய்விடும் என்று எங்கள் தமிழ் டீச்சர் பன்னிரண்டாம் வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பழக்கத்தில் நானும் இங்கே யார் பெயரையும் எழுதப் போவதில்லை. எழுதினால் வெளியே தலைகாட்ட முடியாது என்பதும் ஒரு காரணம்தான்.

நாங்கள் படித்தது நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளி. பின்பக்கம் கோழிப் பண்ணை. காற்று திரும்பினால் அந்த வாடையோடுதான் இயற்பியல் படிக்க வேண்டும். காலையில் அவித்த முட்டை, ராத்திரியில் முட்டைக் குழம்பு. செல்போன் கிடையாது. வாரம் ஒரு தடவை விடுதி போனில் வீட்டுக்குப் பேசலாம், வார்டன் பக்கத்திலேயே நிற்பார். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு மட்டும் பெற்றோர் வரலாம். தபாலில் எது வந்தாலும் வார்டன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார். போவதும் அப்படித்தான்.

எனக்குப் பக்கத்துக் கட்டில் அவளுக்கு. மோகனூர்க்காரி, அப்பா கரும்பு விவசாயி. வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி, ஆனால் அந்தத் திமிர் துளியும் கிடையாது. நான் அஸ்தம்பட்டியில் பிறந்து வளர்ந்த சேலத்துக்காரி, ஏற்காடு பஸ் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகும் என்று வாய் ஓயாமல் பீற்றிக்கொள்வேன். “பஸ்ஸு போனாப் போதுமா, நீ ஏறுனியா புள்ள?” என்று கேட்டு வாயை அடைப்பாள். பரீட்சை முடிந்ததும் இரண்டு பேரும் ஏற்காட்டு ஏரியில் படகில் போவது என்று பேசி வைத்திருந்தோம்.

அந்த வருடம் முழுப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. அப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார். மூன்று வாரத்தில் கண் வெளுத்துவிட்டது. ஆனாலும் உடம்பு தேறட்டும் என்று என்னை ஏற்காட்டுக்கு, பெரியம்மாவிடம் அனுப்பினார்கள். பெரியம்மா ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய பங்களாவில் சமையல் பார்த்தார். விக்டோரியா ராணி காலத்தில் யாரோ வெள்ளைக்காரர் கட்டிய பங்களா அது. ஹாலில் ஒரு மங்கின போட்டோ இருந்தது. படகில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி, கையில் குடை, கழுத்துவரை பொத்தான் போட்ட கவுன், அந்தக் குளிரிலும் முகத்தில் ஒரு சலிப்பு.

அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை தோன்றியது. ‘கோடை விடுமுறையை மலை வாழிடத்தில் கழித்த அனுபவத்தைத் தோழிக்குக் கடிதமாக எழுதுக’ என்பது பரீட்சையில் கேட்கிற கேள்விதான். அந்தக் கேள்வியை மேலே எழுதி, கீழே அந்தச் சீமாட்டியாக மாறி என் பக்கத்துக் கட்டில்காரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். கடிதத்தில் அவள் சமவெளியில் வெயிலில் வேகிற கலெக்டர் மனைவி. கடைசியில் ‘திருத்தி அனுப்பவும்’ என்று ஒரு வரி. வார்டன் பிரித்தார், விடைத்தாள் என்று நினைத்தார், கொடுத்துவிட்டார். அதோடு விட்டாரா, மற்ற பிள்ளைகளிடம், “காமாலையில படுத்துக்கிட்டும் எப்படிப் படிக்கறா பாருங்க” என்று வேறு சொன்னாராம்.

ஒரு வாரத்தில் என் கடிதம் திரும்பி வந்தது. வரிக்கு வரி சிவப்பு மையில் டிக், எட்டுக்கு ஏழு மதிப்பெண். கூடவே அவள் எழுதிய பதில், நான் திருத்துவதற்கு. அதில் வார்டன் கவர்னரின் துரைசானி ஆகியிருந்தார். முட்டைக் குழம்பு ‘மாட்சிமை தங்கிய அரசியாரின் நித்திய விருந்து’. படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பெரியம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார்.

பெரியம்மா முன்னால் அப்படிச் சிரித்திருக்கக் கூடாது. நான் அப்போது நோயாளி. உண்மையில் வேளைக்கு நாலு தோசை தின்றுகொண்டிருந்தேன். காலையில் மூடுபனி விலகும்போது ஏரிக்கரையில் ஒரு சுற்று, சாயங்காலம் படகுத்துறை வாசலில் மிளகாய் பஜ்ஜி. காமாலைக்காரி பஜ்ஜி தின்னலாமா என்று கேட்க அங்கே ஆள் இல்லை. ஆனால் அப்பா போன் செய்தால் மட்டும் குரல் தேய்ந்துவிடும். “இன்னும் தலை சுத்துதுப்பா.” அந்த விடுதிக்குத் திரும்பிப் போக எனக்கு மனசே வரவில்லை. ஒவ்வொரு நாளையும் பொய் சொல்லித்தான் சம்பாதித்தேன்.

இரண்டாவது சுற்றும் அப்படியே போனது. மூன்றாவது முறை அவள் எழுதியது இது. எனக்கு மனப்பாடம்.

‘அன்புள்ள தோழிக்கு, உன் ஏரியைப் பற்றிப் படித்தேன். இங்கே வெயில் கடுமை. என் இடது காதுக்குள் ஐந்து நாளாக ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றுத் தண்ணீர் நாறுகிறது, தலையணையெல்லாம் ஈரம். கவர்னரின் துரைசானியிடம் முறையிட்டேன், பரீட்சை வந்தால் எல்லாருக்கும் எங்காவது வலிக்கும் என்று சொட்டு மருந்து கொடுத்தார். எங்கள் மாளிகைக்கு ஆள் அனுப்பி என் தந்தையாரிடம் இதைத் தெரிவிக்கவும். கவர்னர் மாளிகையில் மற்றபடி எல்லாம் விமரிசை. இப்படிக்கு, அ.ஆ.இ.’

நலம் இல்லை. ‘நலம், நலம் அறிய ஆவல்’ என்ற வரியே கடிதத்தில் இல்லை. முதல் இரண்டு கடிதத்திலும் மறக்காமல் எழுதினவள், அதற்கு ஒரு மதிப்பெண் என்று எனக்கே பாடம் எடுத்தவள், அதை எழுதவில்லை.

பின்னாளில் எல்லாரிடமும் நான் சொன்னது, “அதுவும் விளையாட்டுன்னு நெனச்சேன்” என்பதுதான். அவள் அப்பாவிடம் சொன்னேன், என் அம்மாவிடம் சொன்னேன், அவளிடமே சொன்னேன். கேட்டவர்கள் எல்லாரும், பாவம், நீ என்ன பண்ணுவே என்றார்கள். பொய். படித்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பங்களா படிக்கட்டில் உட்கார்ந்தேன். அவள் அப்பாவின் நம்பர் என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. பெரியம்மாவின் போன் சமையலறை அலமாரியில். எழுந்து பத்தடி நடந்திருந்தால் போதும்.

நடக்கவில்லை. அவள் அப்பா உடனே விடுதிக்குப் போவார், உங்களுக்கு யார் சொன்னது என்று வார்டன் கேட்பார், அதெல்லாம் விடைத்தாள் இல்லை, கடிதம் என்பது வெளியே வரும். அப்புறம் என் அப்பாவைக் கூப்பிடுவார்கள். கடிதம் எழுதத் தெம்பு இருக்கிறவளுக்கு வந்து உட்கார்ந்து படிக்கத் தெம்பு இல்லையா என்பார்கள். அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். காது வலிதானே, சொட்டு மருந்துதான் கொடுத்துவிட்டார்களே, இரண்டாவது ஞாயிறு அவள் அப்பாவே வரப்போகிறாரே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எனக்கு இன்னும் பத்து நாள் அந்த ஏரி வேண்டியிருந்தது. அவ்வளவு கேவலமான காரணம்.

நான் செய்தது என்ன தெரியுமா? சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்தினேன். மேலே, ‘நலம் எழுத மறந்துவிட்டாய், ஒரு மதிப்பெண் போச்சு!’ என்று எழுதினேன். கீழே எட்டுக்கு ஏழு. அதோடு, படகில் போனது, பனியில் எதிர்க்கரை தெரியாமல் போனது என்று இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதிச் சேர்த்துத் தபாலில் போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, நான் எழுதியதிலேயே நல்ல கடிதம் அதுதான்.

இரண்டாவது ஞாயிறு அவள் அப்பா விடுதிக்குப் போனார். மகள் காய்ச்சலில் கிடந்தாள், காதுக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். டாடா ஏஸில் பின்னால் பாய் போட்டுப் படுக்க வைத்து நாமக்கல்லுக்கு, அங்கிருந்து சேலத்துக்கு. சீழ் எலும்புக்குள் இறங்கிவிட்டது என்று ஆபரேஷன் செய்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. இடது காது கேட்காமல் போய்விட்டது. “ஒரு வாரம் முன்னாடி கொண்டாந்திருந்தா காதக் காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டரு சொல்றாருங்க” என்று அவள் அப்பா என் அப்பாவிடம் சொல்லி அழுதார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு. அந்த வருடப் பரீட்சையை அவள் எழுதவில்லை. நான் எழுதினேன். கடிதக் கேள்விக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அவள் மறு வருடம் எழுதித் தேறி, தமிழே படித்து, இப்போது டீச்சராக இருக்கிறாள். எங்கள் சிநேகிதம் விட்டுப்போகவில்லை. எங்கே உட்கார்ந்தாலும் நான் அவளுக்கு வலது பக்கம்தான் உட்காருவேன். நான் அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கில் டோக்கன் போடுகிறேன். காது வலி என்று யாராவது வந்தால் வரிசையை மாற்றி முன்னால் அனுப்பிவிடுவேன். அதற்காகத் திட்டு வாங்காத வாரம் இல்லை. இதையெல்லாம் செய்துகொண்டு உண்மையை மட்டும் சொல்லாமல் பன்னிரண்டு வருடம் ஓட்டிவிட்டேன்.

போன மாதம் அவள் மகளுக்கு மோகனூரில் காது குத்தினார்கள். மாமன் மடியில் உட்கார்ந்த குழந்தை, ஊசி இறங்கியதும் வீறிட்டது. உடனே அவள் குழந்தையின் இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டாள். கறி விருந்து சாப்பிட எல்லாரும் பந்திக்குப் போனார்கள். நான் பந்தியில் உட்காரவில்லை. உறவெல்லாம் கிளம்பிய பிறகு, வீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்க, அவளிடம் சொன்னேன்.

“அந்த மூணாவது லெட்டர். விளையாட்டுன்னு நெனச்சேன்னு சொன்னேன் இல்ல. அது பொய். எனக்கு அப்பவே புரிஞ்சுது. புரிஞ்சேதான் சும்மா இருந்தேன்.”

அவள் எழுந்து போய் பீரோவைத் திறந்தாள். சர்டிபிகேட் வைக்கிற பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தாள். அதற்குள் அந்தக் கடிதம். என் சிவப்பு மை மங்கி ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.

“நெதம் நாப்பது பேப்பர் திருத்தறவ நானு,” என்றாள். “பாரு. வெயிலப் பத்தி எழுதுனதுக்கு டிக் போட்டிருக்கறே. தொரசானிக்கு டிக். விமரிசைக்கு டிக். ஆறு ஓடுதுன்னு எழுதுன வரிக்கும், எங்கப்பங்கிட்டச் சொல்லுன்னு எழுதுன வரிக்கும் மட்டும் உன்ற பேனாவே படல. படிச்சுப் புரிஞ்சவதான் அப்படித் தாண்டிப் போவா.”

“அப்பவே தெரியுமா உனக்கு?”

“இது கைக்கு வந்த அன்னிக்கே தெரியும். இனி ஆரும் வரமாட்டாங்கன்னும் அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.” கடிதத்தை மடித்தாள். “நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். இத்தன வருசம் ஆச்சு உனக்கு.”

“என்னை மன்னிச்சிரு” என்று ஆரம்பித்தேன்.

அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, முடியை ஒதுக்கி, இடது காதை எனக்குக் காட்டினாள். காதுக்குப் பின்னால் தழும்பு வளைந்து இறங்கியிருந்தது. முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள், என் உதடு அசைவதுகூடத் தெரியாதபடி.

“இதுல சொல்லு,” என்றாள்.

குனிந்து சொன்னேன். நாலைந்து தடவை சொன்னேன். முடித்துவிட்டேனா என்று தெரியாமல் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.