மூன்றாவது ஆள்

எழுபதுகளின் கடைசி. என் கணவர் சவுதிக்கு வேலைக்குப் போனவர், மாதக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. கூடலூர் வீட்டில் நானும் மாமியாரும்தான். பள்ளிக்கூட வேலை முடிந்து வந்து சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. எண்ணெய் வண்ண ஓவியம் பழக ஆரம்பித்தேன். என்னோடு வேலை பார்த்த டிராயிங் டீச்சர், பார்த்து வரையச் சொல்லி ஓர் அச்சுப்படம் தந்தாள். பாலைவனத்தில் மூன்று பேர் நடந்து போகிற இம்ப்ரெஷனிஸ்ட் படம்.

"மூஞ்சியெல்லாம் வேணாம்டி. ரெண்டு மூணு தீத்தல் போதும், தள்ளி நின்னு பாத்தா ஆளாத் தெரியும்" என்றாள்.

மணல் வந்துவிட்டது. முன்னால் போகும் இருவரும் வந்துவிட்டார்கள். மூன்றாவது ஆளைத் தீட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். அந்த ஆள் நடக்கவில்லை, மணலில் குப்புற விழுந்து கிடந்தார். பதறிப்போய் டர்பன்டைன் துணியால் துடைத்தேன். ஒரே இழுப்பில் ஆளே இல்லை, வெறும் மணல்.

அந்நேரம் பார்த்து அத்தை காப்பியோடு வந்தார். இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏத்தா, அதுல மூணு பேரு போறாக. இதுல ஓராளக் காணோமே, எங்கன?"

துடைத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

"இந்தா வந்துருவாரு அத்தை" என்று அவசரமாகத் தூரிகையை எடுத்தேன். அத்தை நகரவே இல்லை.

"காலு நல்லா ஊனி நிக்கட்டும்த்தா" என்றார்.

அடுத்த சித்திரையில் என் கணவர் பெட்டியோடு வந்து இறங்கினார். இன்றைக்கும் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் பேப்பர் படிக்கிறார். ஆனாலும் தூசி தட்டும்போது, அந்த மூன்றாவது ஆள் மேல் மட்டும் நான் துணி வைப்பதே இல்லை.