சில்லைக் கழற்றாமல் ஒரு மட்கார்ட்

மாத்தளையில், வெளிநாட்டுக்காரர்களுக்குக் கறுவா, சாதிக்காய் காட்டுகிற தோட்டமொன்றில் பழனிமுத்து வழிகாட்டி. வழுக்கைக்கு ஓர் எண்ணெய், மூட்டுவலிக்கு ஓர் எண்ணெய் என்று இருபத்திரண்டு வருடமாகப் பேசியே விற்கிறார். அவருடைய தலையும் வழுக்கைதான். யாராவது கேட்டுவிட்டால், "இது இந்த எண்ணெய் வர்றதுக்கு முந்தியே போன முடி" என்பார். தன் பேச்சைத் தானே நம்பிக் கெடுவதும் அவருக்குப் பழகிப்போன ஒன்று.

மகள் ஹம்சிகாவுக்கு நாவுலப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை நியமனம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை ஏழரைக்குள் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். அவள் படித்த பதின்மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட அவர் அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனதில்லை. விடிந்ததும் வேலைக்கு ஓடிவிடுவார். அந்தக் குறை மனதை அரித்துக்கொண்டே இருந்தது. "இந்த ஒரு நாளாவது நான்தான் பைக்குல கொண்டுபோய் விடுவேன்" என்று வீட்டில் அறிவித்துவிட்டார்.

பைக்கின் முன் மட்கார்ட் உடைந்திருந்தது. மழைக்காலம் வேறு, மகளின் வெள்ளைச் சேலையில் சேறு தெறிக்கும். சந்தியில் கராஜ் வைத்திருக்கும் கிஷாந்த், "வச்சிட்டுப் போங்கண்ணே, வீல கழட்டி மாட்டித் தாறேன்" என்றான்.

"எதுக்குத் தம்பி கழட்டணும்? கழட்டாமலே மாட்டலாம். போன்ல பாத்துட்டேன்."

ஞாயிறு பின்னேரம், சில்லைக் கழற்றாமலே வேலை தொடங்கியது. டயருக்கு மேலே மட்கார்ட் புகவே மாட்டேன் என்றது. காற்றை இறக்கினால் டயர் ஒடுங்குமே என்று மூளை ஓடியது. இறக்கினார். மட்கார்ட் மறுபேச்சில்லாமல் போய் உட்கார்ந்தது. நான்கு போல்ட்டையும் முறுக்கிவிட்டு, மனைவி சந்திரகாந்தாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"நல்லாத்தான் இருக்குங்க. காத்து எப்படி அடிப்பீங்க?"

அந்தக் கேள்வி அவருக்கு அதுவரை வந்திருக்கவில்லை. வீட்டிலிருந்த சைக்கிள் பம்ப், அவர் வாயை விடக் குறைவாகத்தான் ஊதியது. கிஷாந்தின் கராஜ் ஞாயிறு பூட்டு.

மறுநாள் விடியுமுன்பே பைக்கைத் தள்ளிக்கொண்டு சந்திக்குப் புறப்பட்டார். டயர் ரிம்மை விட்டு நழுவ நழுவ, கையால் உள்ளே தள்ளித் தள்ளி நடந்தார். "கழட்டாம மாட்டுன மூஞ்சியப் பாரு" என்று தன்னையே திட்டிக்கொண்டார். கராஜ் இன்னும் திறக்கவில்லை. ஹம்சிகா குடையோடு வந்து சேர்ந்ததும் நாவுல பஸ்ஸும் வந்துவிட்டது.

"பரவாயில்லப்பா, நான் போய்க்கிறேன்."

பழனிமுத்து விடுவதாக இல்லை. பைக்கைக் கராஜ் கதவில் சாய்த்துவிட்டு, டயர்க் கறுப்பு அப்பிய கையும் கட்டியிருந்த சாரமுமாக அவரும் பஸ்ஸில் ஏறிவிட்டார். அவர் கோலத்தைப் பார்த்த கண்டக்டர் சீட்டில் உட்கார விடவில்லை. மகள் பக்கத்தில் நின்றுகொண்டே போனார்.

பள்ளிக்கூட வாசலில் தலைமையாசிரியரான அதிபரும் நாலைந்து ஆசிரியைகளும் நின்றிருந்தார்கள். அவர்கள் கண்ணில் படாமல் திரும்பிவிடலாம் என்று அவர் பின்வாங்கினார். அதற்குள் ஹம்சிகா குனிந்து காலைத் தொட்டுவிட்டாள்.

"ஐயோ தாயி, கையெல்லாம் கறுப்பு!"

"பரவாயில்ல, ஆசீர்வாதம் பண்ணுங்கப்பா."

இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, முழங்கையை மெதுவாக அவள் தலையில் வைத்தார்.