கார்லண்ட் மீன்பிடித்த இடம்

டல்சி பார்டி கேமராவும் கையுமாகக் கிளம்பினால் போதும், கானர்ஸ் கோவ் ஊர்க் கடைக்காரன் வாசலுக்கே வந்துவிடுவான். "உளுத்த கட்டையப் படம் புடிச்சு என்ன பண்ணப் போறே, அத்தை? இங்க ஒருத்தன் சும்மாத்தானே நிக்கறேன், என்னைப் புடி!"

"நீ இன்னும் சாயலயேடா. சாஞ்சதும் சொல்லி அனுப்பு, வரேன்."

அவள் வாய்க்கு இந்த நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் ஈடு கிடையாது. பதினைந்து வயதில் மீன்கொட்டகையில் கத்தி பிடித்தவள். காட் மீனின் முதுகெலும்பை ஒரே இழுப்பில் உருவி, உப்பு போடுகிறவள் பக்கம் தள்ளுவாள். பத்தொன்பதில் கார்லண்டைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் முப்பது வருஷம் அவன் கொட்டகையில் அதே வேலை. மீன் வாடை தலைமுடியை விட்டுப் போகவில்லையே என்று அன்றைக்கு அப்படிக் கரித்துக்கொட்டினாள். இன்றைக்கு அந்த வாடை ஒரு மூச்சு கிடைத்தால் போதும் என்றிருக்கிறது.

மீன் அற்றுப்போய் அரசாங்கம் மீன்பிடிக்கத் தடை போட்டுக் கடலை மூடியபோது ஊரில் இருபத்தேழு கொட்டகைகள். தண்ணீருக்குள் மரக்கால் ஊன்றி, செங்காவி பூசி, வரிசையாக நின்றன. பிள்ளைகள் பிழைப்புக்கு ஆல்பர்ட்டா போனார்கள். கொட்டகைகளை ஒவ்வொன்றாகக் கடல் கொண்டுபோனது. இப்போது நிற்பவை நான்கு, அதுவும் நிற்கின்றன என்று ஒரு மரியாதைக்குச் சொல்வதுதான். மகள் வாங்கி அனுப்பிய கேமராவில் டல்சி எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். கீல் கழன்ற கதவு, பாசி ஏறிய ஏணி, கத்தி பட்டுப் பட்டுக் குழிந்த மேசை, எதையும் விடவில்லை.

கார்லண்டின் கொட்டகையை மட்டும் கரையில் நின்று எடுக்க மனசு வரவில்லை. கடலில் அவன் நின்ற இடத்திலிருந்து, அவன் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்ததோ அப்படி வேண்டும். ஆனால் அந்த இடம் எது? இந்தக் கடலில் மீன்பிடிக்கிறவனுக்குக் கரைதான் கணக்கு. கரையில் இரண்டு பொருள் நேர்கோட்டில் வரவேண்டும், பக்கவாட்டில் இன்னும் இரண்டு. இரண்டு கோடும் வெட்டுகிற புள்ளிதான் இடம். தன் இடத்துக்கு ஓர் அடையாளம் தன் கொட்டகையேதான் என்றான் கார்லண்ட். மற்ற அடையாளங்களைப் பற்றிப் பெண்டாட்டியிடம்கூட மூச்சுவிடவில்லை. அப்படியே செத்தும் போனான், மகராசன்! கொட்டகையோ வாரத்துக்கு வாரம் சாய்ந்துகொண்டிருந்தது. இலையுதிர்காலப் புயல் ஒன்று வந்தால் முடிந்தது கதை.

கடலுக்குப் போகிற படகு ஊரில் ஒன்றுதான் மிச்சம். அது ஹெட்லி ஸ்டக்லெஸ்ஸுடையது. "பின்னாலயே வந்து என் எடத்தத் திருடிட்டான்" என்று கார்லண்ட் சாகும்வரை திட்டிய அதே ஹெட்லி. டல்சியும் முப்பத்தெட்டு வருஷம் அவன் எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டவள்தான். வேறு வழியில்லாமல் செப்டம்பரில் ஒரு காலை அவன் கதவைத் தட்டினாள்.

"கடல்லேருந்து ஒரு படம் எடுக்கணும். கூட்டிட்டுப் போவியா, மாட்டியா?"

ஹெட்லி அவளை ஏற இறங்கப் பார்த்தான். "கோட்டப் போட்டுட்டு வா, புள்ள. காத்து கடிக்கும்."

படகு முனையைத் தாண்டியது. ஹெட்லி அடிக்கடி திரும்பிக் கரையைப் பார்த்தான், சுக்கானை ஒரு மயிரிழை அசைத்தான், கடைசியில் என்ஜினை நிறுத்தினான்.

"இப்ப எடு."

டல்சி திரும்பினாள். பின்னால் மலையில் ஒரு பிளவு, அதன் நடுவில் கார்லண்டின் கூரை முகடு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கிழக்கே தேவாலயக் கோபுரம் கரும்பாறையின் மேலே நேராக நின்றது. கார்லண்டின் இடம் இதேதான்.

"அடப்பாவி! அப்ப அந்தாளு சொன்னது நெசம்தானா?"

"பின்னால வரல, டல்சி. மூடுபனியில வழி தப்பி வந்துட்டேன். பனி விலகுச்சு, பாத்தா இந்த அடையாளம் கண்ணு முன்னால நிக்குது. பக்கத்துலயே அவனும் என்னை மொறச்சுட்டு நிக்கறான்."

"அதுக்கப்பறம் எத்தன மீன் புடிச்ச இங்க?"

"ஒண்ணுகூட இல்ல. ஒருநாளும் இங்க கயிறு எறக்கல."

"அத அவன்கிட்டயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"எடம் தெரியும்னு என் வாயாலயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அவன் ரோஷக்காரன், வேற எடம் தேடிப் போயிருப்பான். இத விட நல்ல எடம் அவனுக்கு ஏது? திட்டிட்டுப் போறான்னு விட்டுட்டேன்."

இவனைப் போய் திருடன் என்றோமே என்று நினைத்துக்கொண்டாள் டல்சி. கேமராவைத் தூக்கி நான்கு படம் எடுத்தாள். வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஐந்து மீன் பிடித்துக்கொள்ளலாம் என்று அரசாங்கம் விட்டிருந்த நாள்தான் அது. ஹெட்லியின் காலடியில் தூண்டில் கயிறு சுருட்டிக் கிடந்தது.

"தூண்டிலப் போடு, ஹெட்லி."

"இங்க வேணாம். இது அவன் எடம்."

"அவன் பொண்டாட்டி சொல்றேன். போடுய்யா!"

ஹெட்லி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். இரு கை விரிக்கும் நீளம் ஒரு பாகம் என்று எண்ணிக் கயிற்றை மெல்ல இறக்கினான். பத்துப் பாகம், இருபது பாகம், அது போய்க்கொண்டே இருந்தது. அடி எங்கே என்று தெரியாமல் பாதியில் நிறுத்திவிட்டு அவளைத் தயக்கத்தோடு பார்த்தான்.

"இங்க எத்தன பாகம் ஆழம், புள்ள?"

"முப்பத்திரண்டு. வருஷா வருஷம் அவன் கயித்துல அளந்து முடிச்சுப் போட்டது நான்தான்" என்றாள் டல்சி. சொல்லும்போதே அழுதுவிட்டாள்.