பெரில் வீட்டு வாசலில் தாழ்த்திய கல்

இங்கிலாந்தின் யார்க்ஷயரில் நிலக்கரிச் சுரங்கம் மூடிப்போன ஓர் ஊர். அங்கே பேருந்து ஓடும் பெரிய தெருவில் பெரில் ஹோல்ராய்டின் வீடு. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கணவன் போய்ச் சேர்ந்தபின் அவளுக்கென்று இருந்தவன் மகன் ராபின் மட்டும். தசைகள் வலுவிழந்துகொண்டே போகும் நோய் அவனுக்கு. இருபது வயதைத் தாண்டியபோது விரல்களையும் நாக்கையும் தவிர உடம்பில் எதுவும் சொன்னபடி கேட்கவில்லை. நாக்கு மட்டும் இரண்டு பேருக்குப் போதும்.

சக்கர நாற்காலியோடு ஏற்றிச்செல்லும் வேன் ஒன்று வைத்திருந்தாள். அதை வீட்டு முற்றத்துக்குள் கொண்டுவரத்தான் வழியில்லை. நடைபாதையின் விளிம்புக்கல் குறுக்கே நின்றது. அதைத் தாழ்த்திச் சரிவாக்க நகராட்சி அனுமதி வேண்டும். அதுவரை வேனைச் சந்தில் நிறுத்திவிட்டு, மழையில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து கல்லின்மேல் ஏற்றுவாள். ஒவ்வொரு தடவையும் ராபினின் தலை முன்னால் சரிந்து தொங்கும்.

“மெல்லம்மா. நான் என்ன உருளைக்கிழங்கு மூட்டையா?”

“மூட்டையா இருந்தா வாய மூடிக்கிட்டு இருக்குமேடா.”

அனுமதி கேட்டு அனுப்ப வேண்டிய வரைபடத்தை ராபினே ஒற்றை விரலால் கணினியில் வரைந்தான். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அதிகாரியும் சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு ஒரே ஓர் எதிர்ப்பு வந்தது. பக்கத்து வீட்டு நெவிலுடையது. பெரிலின் கணவனோடு சுரங்கத்தில் இறங்கியவன், அவள் வீட்டுக் கூரையில் ஏறி ஓடு மாற்றிக்கொடுத்தவன்.

அன்றே அவன் கதவைத் தட்டினாள்.

“ஏன் நெவில்? என் மூஞ்சிய பாத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“உன்மேல கோவமில்ல பெரில். கல்ல இறக்கிட்டா உன் வாசல் முன்னால தெருவோரம் யாரும் வண்டி நிறுத்தக் கூடாதுன்னு சட்டம். நான் அங்கதானே நிறுத்தறேன். நான் எங்க போவேன்? எனக்கும் முட்டி போயிடுச்சு.”

“உனக்கு முட்டி போச்சு. அவனுக்கு என்ன மிச்சம் இருக்கு, சொல்லு பாப்போம்.”



எதிர்ப்பு வந்ததால் விஷயம் நகராட்சிக் குழுவுக்குப் போனது. குழு வசந்தகாலத்துக்குத் தள்ளிவைத்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க ராபின் வெளியே வரவில்லை. சனிக்கிழமை ரக்பி ஆட்டத்தைக்கூட விட்டுவிட்டான். “வெளிய என்ன இருக்கு? மழைதானே” என்றான். நாற்காலியைக் கல்லில் ஏற்றி ஏற்றி வந்த அம்மாவின் இடுப்பு வலிக்காகத்தான் அப்படிச் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அப்பாடா என்று இருந்தது. அதை நினைத்துத்தான் பின்னால் அழுதாள்.

பிப்ரவரியில் மார்ச்சளி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை.

அடக்கத்தன்று சவவண்டி தெருவில்தான் நின்றது. கடைசியாக ஒருமுறை வீட்டுக்கு வந்துபோகட்டும் என்று பெட்டியைக் கொண்டுவந்திருந்தார்கள். தூக்கியவர்கள் நடைபாதை விளிம்புக்கு வந்ததும் பெரில் தன்னை மறந்து கத்தினாள்: “கல்லு இருக்கு, பாத்து! தலைய நிமித்திப் பிடிங்க!”

நால்வரும் அப்படியே நின்றார்கள். பிறகு மிக மெல்ல ஏற்றினார்கள்.

வசந்தத்தில் அனுமதி வந்தது. இனி எதற்கு என்றார்கள் எல்லோரும். அவன் வரைந்தது, நடக்கட்டும் என்றாள் அவள். வேலையாட்கள் வந்து கல்லைப் பெயர்த்தார்கள்.

“என்ன வண்டிம்மா உள்ள வரப்போகுது?” என்று ஒருவர் சும்மா கேட்டார்.

“வண்டி இல்லப்பா. வித்துட்டேன்” என்று சொல்லிவிட்டு, தேநீர் போட உள்ளே போனாள்.

மாலையில் நெவில் வந்து வேலிக்கு அந்தப்பக்கம் நின்றான்.

“ஜனவரியிலயே என் எதிர்ப்ப திரும்ப வாங்கிட்டேன் பெரில். பையன் வெளிய வராதத பாத்துட்டு. அதுக்குள்ள குழுவுல தேதிய தள்ளி வச்சுட்டாங்க.”

“தெரியும். ஆபீஸ்ல சொன்னாங்க.” தாழ்ந்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். “உன் வண்டிய என் முத்தத்துலயே நிறுத்திக்க.”

“மாட்டேன்.”

“நிறுத்து நெவில். காலியா கிடக்கறத பாக்க முடியல.”

அவனுக்கு வாய் கோணியது. திரும்பித் தன் வீட்டுக்குள் போய்விட்டான்.

இன்றும் அவன் வண்டியைத் தேவாலயத்துக்குப் பின்னால் விட்டுவிட்டு நொண்டிக்கொண்டுதான் வருகிறான். ஜன்னலில் நின்று பார்ப்பாள். சில நாள் ஜன்னலைத் திறந்து திட்டலாமா என்றிருக்கும். சில நாள் கூப்பிட்டு ஒரு கோப்பை தேநீர் கொடுக்கலாமா என்றிருக்கும். இதுவரை திட்டியதும் இல்லை, கூப்பிட்டதும் இல்லை.