மூன்று தாள்களில் ஒரு சுழி

தவச்செல்வன் சுவிற்சர்லாந்தின் கூர் நகரில் ஒரு ஹோட்டல் குசினியில் பதினொரு வருடம் கோப்பை கழுவினான். 2014இல் முதுகு மடங்கிப் போனபோது, கடுஃப் அம்மையார்தான் தான் பொறுப்பாயிருந்த சிறிய அருங்காட்சியகத்தின் கிடங்கில் அவனுக்கு வேலை கொடுத்தார். முந்நூறு வருடப் பழைய தாள்கள் அங்கே பெட்டி பெட்டியாக இருந்தன. அரண்மனைத் தூணின் தலையில் எந்தச் சிற்பம், கூரை விளிம்பில் எந்த மாலை என்று பேனாவாலும் பழுப்பு மையாலும் அவசர அவசரமாக வரைந்தவை. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் கீழ்மூலையில் பென்சிலால் இலக்கம் எழுதுவது அவன் வேலை.

முதல் நாள், வெற்றுப் பக்கத்தைக் கண்டதும் கை தானாகவே மேலே பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் இலக்கத்துக்கு இறங்கியது. நாலாவது தாளை எடுத்தபோதுதான் உறைத்தது. அழித்தால் தாள் கிழிந்துவிடுமோ என்ற பயத்தில் பெட்டியைப் பேசாமல் மூடிவிட்டான்.

ஐந்து வருடம் கழித்து, பூதக்கண்ணாடியும் கையுமாக அம்மையார் அவனைக் கூப்பிட்டார்.

"தவா, இங்கே பார்! இந்த மூன்று தாளின் பின்புறத்திலும் ஒரே குறி. மூன்றும் ஒரே பட்டறையில் வரைந்தவை. பட்டியல் நூலில் இதுதான் என் முக்கியமான கண்டுபிடிப்பு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது."

அவன் தலையாட்டினான். தலையாட்டியதுதான் அதன்பிறகு அவனைத் தின்றது.

"அழிச்சுப்போட்டுப் பேசாம இருங்கோவன்," என்றாள் அன்றிரவு எல்லாவற்றையும் கேட்ட மனைவி ஞானேஸ்வரி.

"அவ ஏற்கெனவே படம் எடுத்துப்போட்டா."

"அப்ப சொல்லுங்கோ."

"வேலை போயிடும்."

"பிள்ளையாரைக் கொண்டுபோய் அங்க குடிவைச்சது நானோ?" சிரித்தவள், அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பதைப் பார்த்து நிறுத்தினாள். "உங்களுக்கு வேலை தந்த மனிசி. ஊர் சிரிக்க விடப்போறியளோ?"

வியாழன் காலை அம்மையாரின் மேசைமுன் போய் நின்றான். ஜெர்மனில் அதற்குச் சொல் வரவில்லை. எழுதித் தருவதாகச் சைகை காட்டி, ஒரு தாளை இழுத்தான். கை கேட்கவில்லை, முதலில் சுழியைப் போட்டது.

அவன் மேற்கொண்டு ஓர் எழுத்தும் எழுதவில்லை. தாளை அவர் பக்கம் தள்ளினான்.

அம்மையார் அதை எடுத்து, படத்திலிருந்த குறியோடு வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"மூன்றுமா?"

"மூன்றும். நான்தான்."

அவர் தொலைபேசியை எடுத்து அச்சக எண்ணை அழுத்தினார். மறுமுனை எடுக்கும்வரை அவன் பக்கம் திரும்பவே இல்லை. போகச் சொல்லவும் இல்லை. பென்சிலை மேசையில் வைத்துவிட்டு, தவச்செல்வன் அப்படியே நின்றான்.